இரும்பிலிருந்து உச்சிக்குழிக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கனத்த தகடுகளை வெட்டி ஒட்டும் கொட்டகை ஒன்றில், வெல்டிங் அடிப்பதற்கு முன் தகட்டைச் சோதிக்கும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றால், முதலில் கண்ணில் படுவது கிரீஸ் டப்பாதான். ஹெல்பர் பையன் தகட்டின் விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காட்டன் வேஸ்ட்டால் துடைத்து, விரலால் கிரீஸை வழித்து ஒரு பட்டையாகப் பூசுவான். யூடி எனப்படும் ஒலிச் சோதனை பார்க்க வந்தவர் கட்டைவிரல் பருமனுள்ள புரோபை அதன்மேல் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போவார். கை தகட்டின் மேல் இருக்கும். கண் மட்டும் கழுத்தில் மாட்டிய சின்னத் திரையை விட்டு அகலாது. தகட்டின் அடிப்பரப்பில் மோதித் திரும்பும் ஒலி அந்தத் திரையில் ஒரு முள்ளாக எழும்பி நிற்கும். அந்த முள்ளுக்கு முன்னால், இருக்கக் கூடாத இடத்தில் இன்னொரு முள் துள்ளினால் இரும்புக்குள் பிளவு இருக்கிறது என்று அர்த்தம். சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டுவிடுவார். வெளியில் பார்த்தால் பளபளவென்று நல்ல தகடு.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில் ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்ட ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்குச் சற்று கூட. நம் ஜனங்கள் ‘கண்ணாடிப் பெட்டி’ என்று சொல்லும் இன்குபேட்டருக்குள் படுத்திருக்கிறது. மருத்துவர் பெட்டியின் பக்கவாட்டு வட்டக் கதவு வழியாகக் கையை நுழைத்து, குழந்தையின் தலையில் போட்டிருக்கும் கம்பளிக் குல்லாவை விலக்கி, உச்சிக்குழியில் சுண்டைக்காய் அளவு ஜெல்லி வைக்கிறார். அதன்மேல் ஒரு புரோப். அவர் மணிக்கட்டும் இம்மி இம்மியாகத்தான் திரும்புகிறது, அவர் கண்ணும் திரையில்தான் இருக்கிறது.

இரண்டும் ஒரே வித்தை என்பது உருவகப் பேச்சு இல்லை. அந்தக் கிரீஸும் இந்த ஜெல்லியும் ஒரே வேலையைச் செய்கின்றன. புரோபுக்கும் பரப்புக்கும் நடுவே இம்மியளவு காற்று நின்றாலும் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும்; அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பூச்சு. மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இரும்புக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வு வரை அனுப்புகிறார்கள். பச்சிளங்குழந்தையின் தலைக்கு 70 லட்சத்துக்கு மேல். எஃகுக்குள் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் ஓடும், நம் சதைக்குள் 1,540 மீட்டர். போன ஒலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டால் எவ்வளவு ஆழத்தில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அவ்வளவுதான் தத்துவம். ஆனால் இரும்பிலிருந்து அந்தக் குழந்தையின் தலைமாட்டுக்கு இந்த வித்தை வந்து சேர்ந்த வழி நேர்வழி இல்லை.

ஆரம்பம் குழந்தையிடம்தான். அதனால்தான் இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இயான் டொனால்ட் 1910ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் மருத்துவராக இருந்தார். ராடாரும் சோனாரும் என்ன செய்யும் என்பதை அங்கே பக்கத்திலிருந்து பார்த்தார். போர் முடிந்து லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்கு வந்த பிறகு அவரை விடாமல் உறுத்தியது, பிறந்ததும் மூச்சுவிடத் திணறும் குழந்தைகள். விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்க, முனகி முனகி, ஒன்றிரண்டு நாளில் ஓய்ந்துபோகும் குழந்தைகள். அன்றைக்கு அதற்குச் சரியான வைத்தியம் கிடையாது. டொனால்ட் தன் கையாலேயே சுவாசக் கருவி செய்ய இறங்கினார். குழந்தை தானாக மூச்சிழுக்கும் அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே காற்றைத் தள்ளும் கருவி. 1953லும் 1954லும் லான்செட் இதழில் அதைப் பற்றி எழுதினார். ஒரு கருவியைக் கண்டால் அதைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார் என்று பெயர் வாங்கினார். பின்னால் ‘பைத்தியக்கார டொனால்ட்’ என்று சகாக்கள் கேலி செய்ததும் இந்தக் குணத்துக்காகத்தான்.

1954ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். கிளாஸ்கோ அன்றைக்குக் கப்பலும் கொதிகலனும் கட்டுகிற ஊர். நம் எண்ணூரையும் அத்திப்பட்டையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அருகே ரென்ஃப்ரூவில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பெரிய கொதிகலன் தொழிற்சாலை. அதன் இயக்குநர் ஒருவரின் மனைவி டொனால்டிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். அந்தப் பழக்கத்தில் தொழிற்சாலைக்குள் போகிற வாய்ப்பு கிடைத்தது. கொதிகலனின் வெல்டிங்கில் விரிசல் தேட அங்கே ஒலிக்கருவி இருந்தது.

1955 ஜூலை 21. இரண்டு காரின் டிக்கியில், அறுவை சிகிச்சையில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் ஏற்றிக்கொண்டு டொனால்ட் அந்தத் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் பெரிய மாட்டிறைச்சித் துண்டம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய் பூசி, இரும்பில் வைக்கும் அதே புரோபை வைத்தார்கள். நீர்க்கட்டிக்குள் ஒலி தடையில்லாமல் போய் மறுபக்கச் சுவரில் மோதித் திரும்பியது. நடுவே எந்த முள்ளும் இல்லை. சதைக்கட்டியோ ஆரம்பத்திலிருந்தே சின்னச் சின்ன முட்களாக எழுப்பி, போகப் போக ஒலியைக் குடித்துவிட்டது. வெட்டிப் பார்க்காமலே உள்ளே இருப்பது நீரா சதையா என்று சொல்லிவிடலாம். எக்ஸ்ரேயால் அன்றைக்கு முடியாத காரியம் அது.

அங்கிருந்து ஒரு நோயாளியின் வயிற்றுக்கு வருவதற்குள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. முதலில் கிடைத்த பழைய கருவியில் பக்கத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அதனால் அடிப்பாகம் நெகிழ்வான வாளியில் தண்ணீர் நிரப்பி, அதை வயிற்றின் மேல் நிறுத்தி, தண்ணீருக்குள் புரோபை விட்டுப் பார்த்தார்கள். வாளி சரிந்து படுக்கை நனையும். இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு உதவிக்கு வந்தவர் டாம் பிரவுன். விரிசல் தேடும் கருவிகளைச் செய்யும் கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் இளம் என்ஜினீயர், இருபதுகளில் இருந்தார். வேறு ஏதோ வேலையாக மருத்துவமனைக்கு வந்த இடத்தில், இங்கே ஒரு பேராசிரியர் இரும்புக் கருவியை மனிதர்மேல் வைத்துப் பார்க்கிறாராம் என்று காதில் விழ, அவராகவே டொனால்டுக்கு போன் செய்தார். டொனால்டின் பெயரைச் சொல்பவர்கள் பிரவுனின் பெயரை அநேகமாக விட்டுவிடுகிறார்கள். அந்த இளைஞர் இல்லாவிட்டால் வாளியோடு கதை முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இரைப்பைப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் புரோபை வைத்தபோது, நீர்க்கட்டியின் அதே அடையாளம் தெரிந்தது. வயிற்றைத் திறந்தார்கள். பெரிய சினைப்பை நீர்க்கட்டி. எடுத்தார்கள், பிழைத்தாள். அதற்குப் பிறகு கேலி பேசியவர்களின் வாய் அடைத்தது. டொனால்ட், ஜான் மெக்விகார், பிரவுன் மூவரும் எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7ல் லான்செட்டில் வந்தது. இன்று உலகம் முழுக்கக் கர்ப்பிணிகள் எடுத்துக்கொள்ளும் ஸ்கேனுக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ்.

டொனால்ட் அந்தத் தொழிற்சாலைக்குப் போனதற்கு இரண்டு ஆண்டு முன்னாலேயே சுவீடனில் இன்னொரு பிறப்பு நடந்திருந்தது. லுண்ட் நகரத்து இதய மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் மால்மோவின் காக்கம்ஸ் கப்பல் கட்டும் தளத்திலிருந்து விரிசல் தேடும் கருவியை இரவல் வாங்கி இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். பிறகு சீமென்ஸ் கருவி ஒன்றைக் கொண்டு 1953 அக்டோபர் 29ல் துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவுசெய்தார்கள். நாம் ‘எக்கோ’ என்று சொல்வது அது. ஆக ஒன்று கொதிகலன் பட்டறையில், இன்னொன்று கப்பல் துறையில். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிறார்கள், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையக் கொதிகலன்கள் எரிகின்றன. இந்தக் கருவியின் இரண்டு தாய்வீடுகளும் இந்த மாவட்டத்துக்கு அந்நியமானவை அல்ல.

மூச்சுத் திணறும் குழந்தைக்காகக் கருவி தேட ஆரம்பித்த மனிதர், கருவி கைக்கு வந்ததும் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டார். பிறந்த குழந்தை காத்துக்கொண்டிருந்தது, இருபது வருடத்துக்கு மேல்.

அதற்குள் ஸ்கேன் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. வந்த விதத்தைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. 1986ல் உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலையைப் பற்றி இந்தியா டுடே அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அதே காலத்தில்தான் ஸ்கேன் அறைகள் ஊருக்கு ஊர் பெருகின. கள்ளிப்பாலுக்குக் காத்திராமல், வயிற்றிலேயே பெண் என்று தெரிந்துகொண்டு அழித்துவிட வழி கிடைத்தது. உயிர் காக்கப் பிறந்த கருவிக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. 1994ல் பாராளுமன்றம் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் இயற்றியது, 1996 முதல் அமலுக்கு வந்தது. ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவுசெய்யப்பட வேண்டும், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று அரசுக்குத் தெரிய வேண்டும், பாலினம் சொல்லப்படாது என்ற அறிவிப்புப் பலகை கண்ணில் படும்படி தொங்க வேண்டும். இந்தச் சட்டம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் நிழல் பச்சிளங்குழந்தையின் தலைமாட்டு வரை விழுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குழந்தைக்கு வருவோம். எழுபதுகளில் வென்டிலேட்டர்கள் மேம்பட்டு, கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் மூன்றாம் நாள் திடீரென்று வெளிறிப்போய், வலிப்பு வந்து, இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் மூளைக்குள் ரத்தம் இருந்தது. குறைமாதக் குழந்தையின் மூளையில், நீரறைகளின் ஓரத்தில், பஞ்சு போன்ற ஒரு பகுதி உண்டு. அங்குள்ள ரத்தக்குழாய்களின் சுவர் வெங்காயச் சருகு மாதிரி. அழுத்தம் சற்று ஏறி இறங்கினாலும் கிழிந்துவிடும். உயிரோடிருக்கும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று தெரிய அன்று இருந்த ஒரே வழி சிடி ஸ்கேன். 1978ல் அமெரிக்க மருத்துவர் லூ-ஆன் பப்பீலின் குழு 1,500 கிராமுக்குக் குறைந்த 46 குழந்தைகளை சிடியில் பார்த்தது. 20 பேர் மூளையில் கசிவு. அவர் வகுத்த நான்கு படிநிலைகளைத்தான் இன்றைக்கும் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அந்த 46 குழந்தைகளும் சிடி இருந்த இடத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பது. வென்டிலேட்டர் குழாயோடு, சொட்டு மருந்தோடு, சூடு குறையக் கூடாத உடம்போடு. அரை டிகிரி சூடு குறைந்தாலே நிலைகுலையும் உயிர் அது. அசைக்கக் கூடாத குழந்தையை அசைத்தால்தான் அதற்கு என்ன என்று தெரியும்.

அடுத்த ஆண்டே, 1979ல், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் கேரன் பேப், ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் முதலானோர், தள்ளிக்கொண்டு போகக்கூடிய ஒலிக்கருவியை இன்குபேட்டரின் பக்கத்துக்கே கொண்டுவந்து மூளைக்கசிவைப் பார்த்ததாக லான்செட்டில் எழுதினார்கள். 1980ல் ட்யூபரியும் அலுவிஹாரேயும் முன் உச்சிக்குழியை மூளைக்குள் பார்க்கும் சன்னலாகக் கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் கதிரியல் இதழில் எழுதினார்கள். எலும்பு ஒலியைத் தடுக்கும். ஆனால் பிறந்த குழந்தையின் மண்டையோடு இன்னும் மூடவில்லை. உச்சியில் தோல் மட்டும் போர்த்திய இடம் ஒன்று திறந்தே இருக்கிறது, சுமார் ஒன்றரை வயதுவரை.

இந்தச் சன்னல் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா? எங்கள் பக்கத்து ஆயாக்கள் குழந்தையைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் முதல் வேலையாக உள்ளங்கையில் விளக்கெண்ணெயைத் தேய்த்து உச்சியில் வைப்பார்கள். ‘உச்சி காயவுட்டுட்டு இன்னா கொழந்த வளக்குற நீ?’ என்று மருமகளுக்கு வசவு விழும். வயிற்றுப்போக்கில் குழந்தை துவண்டால் அவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பதும் அங்கேதான். பள்ளமாக இறங்கியிருந்தால் முகம் மாறிவிடும், தூக்கு ஆஸ்பத்திரிக்கு என்பார்கள். உடம்பில் நீர் வற்றினால் உச்சிக்குழி இறங்கும், மூளையில் அழுத்தம் ஏறினால் புடைக்கும் என்று மருத்துவப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. ஆயா எண்ணெய் வைத்த இடத்தில் மருத்துவர் ஜெல்லி வைக்கிறார்.

தலையைப் பார்த்தாகிவிட்டது. அடுத்தது இதயம். இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கை உடைய வேண்டியிருந்தது.

தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்று மானிட்டர் காட்டும். அந்த எண் நன்றாக இருந்தால் உறுப்புகளுக்கு ரத்தம் நன்றாகப் போகிறது என்று நம்பினார்கள். வாசல் செடிக்கு டியூப் பிடித்தவர்களுக்கு இதன் ஓட்டை புரியும். டியூபின் வாயைக் கட்டைவிரலால் நசுக்கினால் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். அழுத்தம் கூடுதல், ஆனால் குடத்தில் விழும் தண்ணீர் குறைவு. குறைமாதக் குழந்தையின் ரத்தக்குழாய்களும் இப்படிச் சுருங்கிக்கொண்டு மானிட்டரில் நல்ல எண்ணைக் காட்டும், மூளை மட்டும் ரத்தத்துக்கு ஏங்கும். சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் நிக் எவன்ஸும் மார்ட்டின் க்ளக்கோவும் இதை அளக்க ஒரு வழி கண்டார்கள். தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் எவ்வளவு ரத்தம் வருகிறது என்று எக்கோவில் அளந்தார்கள். பிறந்த முதல் நாளில் அந்த ஓட்டம் குறைந்திருந்த குழந்தைகளுக்குத்தான் பின்னால் மூளைக்கசிவு அதிகம் வந்தது என்று 2000ல் எழுதினார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அந்த புரோபைப் பிடித்தவர்கள் இதய நிபுணர்கள் அல்லர் என்பது. குழந்தையைப் பகலும் இரவும் பார்த்துக்கொண்டிருந்த பச்சிளங்குழந்தை மருத்துவர்கள். இதயத்தின் அமைப்பில் ஓட்டை உண்டா என்று கேட்காமல், இந்த நிமிடம் இந்த இதயம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வி ஏன் உயிர்க்கேள்வி என்றால், அழுத்தம் விழுந்த குழந்தைக்கு மூன்று நான்கு காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. உடம்பில் நீர் போதாவிட்டால் நீர் ஏற்ற வேண்டும். பம்பு தளர்ந்திருந்தால் அதே நீர் விஷம். கருவில் இருக்கும்போது இரண்டு பெருங்குழாய்களை இணைத்திருந்த டக்டஸ் என்ற சின்னக் குழாய் மூடாமல் இருந்தால், உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் நுரையீரலுக்கு வழிந்துகொண்டிருக்கும். அதை மூடுவதற்கு மருந்து. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி வெளிறித்தான் கிடக்கும். தகட்டின் பளபளப்பு மாதிரிதான் இதுவும்.

ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். தொப்புள் வழியாகவோ கை வழியாகவோ இதயத்துக்கு அருகே மெல்லிய குழாய் செலுத்தி உணவு ஏற்றப்படும் குழந்தை. நன்றாக இருந்தது, திடீரென்று நாடி விழுகிறது. மூச்சுக்குழாய் நழுவியதா, நுரையீரல் வெடித்துக் காற்று சேர்ந்ததா, அல்லது அந்த மெல்லிய குழாயின் நுனி உறுத்தி இதயத்தைச் சுற்றிய உறைக்குள் திரவம் கசிந்து இதயத்தை நெரிக்கிறதா? மூன்றாவது அபூர்வம், ஆனால் சில மில்லி போதும் கொல்வதற்கு. எக்ஸ்ரே கருவியை உருட்டி வந்து, தட்டு வைத்து, படம் வருவதற்குள் நேரம் ஓடிவிடும். புரோபை மார்பில் வைத்தால் இதயத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். அங்கேயே, அதே திரையைப் பார்த்துக்கொண்டே, ஊசி விட்டு உறிஞ்சி எடுக்கலாம். எடுத்ததும் துடிப்பு ஏறும். பக்கத்து அறையில் கருவி இருப்பதற்கும் படுக்கை ஓரத்தில் இருப்பதற்கும் உள்ள தூரம் இங்கே ஓர் உயிர்.

படுக்கை ஓரத்துக்கு வர கருவி சிறுக்க வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு ராணுவம்தான் காரணம். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க பிரெஞ்சு விஞ்ஞானி லாஞ்ஜவென் ஒலி அனுப்பியதில் தொடங்கிய வித்தை, போர்க்களத்தில் காயம்பட்டவரைப் பார்க்கக் கையடக்கக் கருவி வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கொடுத்த பணத்தில் சுருங்கியது. 1999ல் சோனோசைட் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி இரண்டரைக் கிலோகூட இல்லை, பிறந்த குழந்தையின் எடை. இன்று கைபேசியில் செருகிக்கொள்ளும் புரோபே வந்துவிட்டது.

கடைசியாக வந்தது நுரையீரல். கடைசியாக வந்ததற்குக் காரணம் ஆரம்பத்தில் சொன்ன அதே காற்று. கிரீஸ் போட்டு எதை விரட்டுகிறோமோ அதுதான் நுரையீரல் முழுக்க இருக்கிறது. அங்கே ஒலிக்கு என்ன வேலை என்று பாடப்புத்தகங்கள் எழுதிவைத்தன. பாரிஸ் அருகே ஆம்ப்ராஸ் பாரே மருத்துவமனையின் தானியல் லிஷ்டென்ஸ்டைன் பிடிவாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். காற்று நிறைந்த நுரையீரல் திரையில் ஒன்றும் காட்டாது என்பது சரி. ஆனால் அது காட்டும் பொய்ப்பிம்பங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று அவர் கண்டார். நல்ல நுரையீரலில் படிக்கட்டு மாதிரி குறுக்குக் கோடுகள். நீர் கோத்த நுரையீரலில் மேலிருந்து கீழாக, வால் நட்சத்திரம் மாதிரி செங்குத்துக் கதிர்கள். 1997ல் அதை எழுதினார். இத்தாலியின் கோபெட்டியும் கட்டரோஸியும் 2007, 2008ல் பச்சிளங்குழந்தைகளில் பார்த்தார்கள். குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் முதிராத குழந்தைக்குத் திரை முழுக்க வெள்ளை. வெறும் ஈரம் காயாமல் மூச்சு வாங்கும் குழந்தைக்குக் கீழ்ப்பாகம் வெள்ளை, மேல்பாகம் ஏறக்குறைய சாதாரணம்.

முதல் குழந்தைக்கு நுரையீரலுக்குள் சர்ஃபாக்டன்ட் மருந்து விட வேண்டும், ஒரு குப்பி ஆயிரக்கணக்கில் விலை. இரண்டாவது ஒன்றிரண்டு நாளில் தானே தேறிவிடும். மார்பை ஆறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு, யாருக்கு மருந்து தேவைப்படும் என்று சொல்லும் முறையை 2015ல் பாரிஸ் பகுதியைச் சேர்ந்த ப்ராவும் டி லூகாவும் எழுதினார்கள். கதிர்வீச்சு இல்லை. பத்து முறை பார்த்தாலும் பயமில்லை. 1953ல் டொனால்ட் எந்தக் குழந்தையைப் பார்த்துத் தூக்கம் கெட்டாரோ, அதே மூச்சுத் திணறும் குழந்தை. அவர் கொண்டுவந்த கருவி அதன் மார்பில் வந்து அமர ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. டொனால்ட் 1987லேயே காலமாகிவிட்டார்.

2020ல் ஐரோப்பியக் குழந்தைகள் தீவிர சிகிச்சைச் சங்கம் யோகேன் சிங் முதலானோரைக் கொண்டு 41 பரிந்துரைகளை வெளியிட்டது; கருவி எங்கே உதவும், எங்கே நம்பக் கூடாது என்று இரண்டையும் சொன்னது. அந்த இரண்டாவது பாதி முக்கியம். படுக்கை ஓரத்தில் பார்ப்பவர் பிறவி இதயக் கோளாறு இல்லை என்று தன் போக்கில் முடிவு கட்டக் கூடாது. சந்தேகம் வந்தால் இதய நிபுணர் வர வேண்டும். கை பழகாதவர் பார்த்தால் இல்லாததும் தெரியும், இருப்பதும் மறையும். பட்டறையிலும் அப்படித்தான். யூடி பார்ப்பவர் படிநிலைத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்காமல் அவர் கையெழுத்தைக் கொதிகலன் ஆய்வாளர் ஏற்கமாட்டார். ஓர் இரும்புத் தகட்டுக்கு நாம் இவ்வளவு கறாராக இருக்கிறோம். ஸ்கேனைப் படிக்கும் பயிற்சி ஒவ்வொரு பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் இதே கறாரோடு கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதிலும் திருவள்ளூருக்கு இது ஏன் முக்கியம் என்றால், இந்த மாவட்டத்தின் குழந்தைகள் யார் என்பதால். கும்மிடிப்பூண்டி உருட்டாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் செங்கல் சூளைகளில் குடும்பம் குடும்பமாகத் தங்கிக் கல் அறுக்கிறார்கள்; நிறைமாதம்வரை குனிந்து வேலை செய்யும் பெண்கள் உண்டு. கும்மிடிப்பூண்டியில் ஈழத்து அகதிகள் முகாம் இருக்கிறது. இங்கே குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறினால், ஜி.என்.டி. சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 45 கிலோமீட்டர் அளவு தெற்கே போக வேண்டும், சென்னையில் ராயபுரம் மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ. 108 சேவையில் இன்குபேட்டர் பொருத்திய வண்டி இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். 2020 கணக்கெடுப்பில் பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு இந்தியாவில் 20, தமிழ்நாட்டில் 9 என்று வந்ததில் இந்த ஏற்பாடுகளுக்கும் பங்கு உண்டு. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. எந்தக் குழந்தையைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், எதை அசைக்காமல் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்க, புரோப் பிடிக்கத் தெரிந்த ஒரு கை ராத்திரியிலும் இங்கே இருக்க வேண்டும். ஸ்கேன் அறை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்வரை இந்தக் குழந்தைகள் காத்திருப்பதில்லை.

சட்டத்தின் நிழல் என்று சொன்னேனே, அது இது. 2012ல் விதி திருத்தப்பட்டு, எடுத்துச் செல்லக்கூடிய ஸ்கேன் கருவிகளைப் பதிவுபெற்ற மருத்துவமனையின் உள்நோயாளிகளுக்கும், பல சேவைகள் தரும் நடமாடும் மருத்துவ வண்டிக்கும் மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாலினம் சொன்னவர்களைத் தடுக்க அது தேவைப்பட்டது. அதனால் பிறந்துவிட்ட குழந்தைகள் மட்டுமே இருக்கும் வார்டில் வைக்கும் கருவிக்கும் அதே பதிவு, அதே கண்காணிப்பு. மருத்துவமனைகள் தயங்குகின்றன, வாங்கியவை பூட்டிய அறைக்குள் போகின்றன. சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. பச்சிளங்குழந்தை வார்டுக்கென்று தனியாக, விரைவாக முடியும் ஒரு பதிவு முறை வேண்டும் என்கிறேன்.

பதிவு முடிந்து, கருவி வந்து சேர்ந்த வார்டு ஒன்றின் சுவரில் சட்டப்படி அந்தப் பலகையும் தொங்குகிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே கண்டறிந்து சொல்லப்படுவதில்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டி. மருத்துவர் ஜெல்லியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, பட்டாணி அளவு மார்பில் வைத்து, விரல் நுனி அகலமுள்ள புரோபைச் சாய்க்கிறார். திரையில் இதயத்தின் நான்கு அறைகளும் திறந்து மூடுகின்றன. முடிந்ததும் பஞ்சால் துடைத்து, குல்லாவை இழுத்துவிட்டு, வட்டக் கதவைச் சாத்துகிறார். பெட்டியில் ஒட்டிய அட்டையில் ‘பேபி ஆஃப்’ என்று தொடங்கி அம்மாவின் பெயர். அதற்குக் கீழே, பெண், 1,140 கிராம்.